மெல்போர்ன் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது

என் மாடி அக்காவுக்கு, தெருவே திரும்பிப் பார்க்கும் அந்தப் பொல்லாத சிரிப்புக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கலாம்தான். ஆனால் "எல்லாரும்னா யாருடி? வீட்ல நீ ஒருத்திதானே இருக்க?" என்று உடனே மடக்குவீர்கள். சரி, நான் நலம். படியேறும்போது முட்டி மட்டும் முனகுகிறது. காவிரியில் தண்ணீர் நிறைய வருகிறது. அம்மா மண்டபத்தில் கீழ்ப்படிகள் எல்லாம் முழுகிவிட்டன. நீங்கள் இருந்திருந்தால் ஒரு நடை போய்க் காலை நனைத்துவிட்டு வந்திருப்போம்.

பெரிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை மத்தியானம் நான் விமானம் ஏறுகிறேன் அக்கா. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மெல்போர்ன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருந்த அதே பயணம். கயல் வாங்கியிருக்கும் புது வீட்டில் பால் காய்ச்ச. காய்ச்ச வேண்டியவர் நீங்கள். போகிறவள் நான்.

இந்தக் கடிதத்தைப் பின்னால் நாலு பேர் எடுத்துப் படிக்கலாம். அவர்களுக்கு நம் உறவு புரிய வேண்டுமே. நீங்கள் அண்ணன் மனைவி, நான் தம்பி மனைவி. ஸ்ரீரங்கத்தில் ஒரே வீடு, மாடியில் நீங்கள், கீழே நான். ஓரகத்திகள் என்றால் ஊர் என்ன எதிர்பார்க்கும்? சண்டையைத்தான். அதிலும் நாம் குறை வைக்கவில்லை. சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவர்கள்தானே நாம்! ஆனால் கயல் பிறந்தது என் வயிற்றில், வளர்ந்தது உங்கள் இடுப்பில். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நாம் இருவரும், மெல்போர்னிலிருந்து வரும் அவள் குரலும்தான்.

அப்புறம் உங்கள் சட்டம். அதை எப்படி மறப்பது?

வீட்டிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும், அவர்கள் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை வீடு பெருக்கக் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது. இது எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். மற்றவர்கள் அரை மணி நேரம் பொறுத்துவிட்டுப் பெருக்கிவிடுவார்கள். நீங்களா விடுவீர்கள்? பாத்திரக் கடைக்குச் சரக்கு எடுக்க உங்கள் வீட்டுக்காரர் கும்பகோணம் போனால்கூட விளக்குமாறு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். போய்ச் சேர்ந்ததும் போனில் ரெண்டு ரிங் விட்டு கட் பண்ண வேண்டும். அந்த ரெண்டு ரிங் கேட்ட பிறகுதான் விளக்குமாறு வெளியே வரும்.

கயல் சின்னவளாக இருந்தபோது ஏன் என்று கேட்டாள். "போறவங்க காலடி வீட்ல கிடக்கும்டி. போய்ச் சேர்ற வரைக்கும் அதுதான் அவங்களைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பாதி வழியில நாம பெருக்கித் தள்ளிட்டா, அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டுப் போவாங்க?" என்றீர்கள். அவள் தன் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கும்பகோணத்துக்கு அது சரி. மெல்போர்னுக்கு?

அவள் முதல்முறை கிளம்பும் முன்னால் போனில் வரைபடத்தைத் திறந்து உங்கள் மடியில் வைத்தாள். திருச்சியிலிருந்து ஒரு கோடு கடலுக்கு மேல் வளைந்து போய்க் கீழே இறங்கியது. "எவ்வளவு தூரம்டி?" என்றீர்கள்.

"ஒன்பதாயிரம் கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க பெரியம்மா."

நீங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தீர்கள். "ஒரு சாண்கூட இல்லையே! இதுக்குப் போயி உங்கம்மா காலையிலேருந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கா."

"சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம். அங்க கொஞ்சம் உட்கார்ந்து இருக்கணும். அப்புறம் ஏழரை மணி நேரம்."

"ஏழரையா? அந்த எண்ணை வாயால சொல்லாத. எட்டுன்னு சொல்லு, நல்லா இருப்ப."

இன்றுவரை நான் எட்டு என்றுதான் சொல்கிறேன்.

விமான நிலையத்துக்கு நீங்கள் வந்ததே இல்லை. வழியனுப்பப் போகிறவள் ஒருத்தி, வீட்டில் காத்திருக்கிறவள் ஒருத்தி என்று நமக்குள் பங்கு பிரித்துவிட்டீர்கள். நான் அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி வருவதற்குள் நீங்கள் மொட்டைமாடியில் நிற்பீர்கள். ஈரத் துண்டை இரண்டு கையிலும் பிடித்து ஆட்டிக்கொண்டு. ஒருமுறை நான் பார்த்துவிட்டுச் சொன்னேன், "அக்கா, அது சென்னைக்குப் போற விமானம். நம்ம பொண்ணு கிளம்ப இன்னும் நேரம் இருக்கு." கையை நிறுத்தினீர்களா? இல்லையே. "இருந்துட்டுப் போகுது. அதுல போறவங்களையும் யாரோ வீட்ல தேடிக்கிட்டுத்தானே இருப்பாங்க?"

அதன் பிறகு அந்த விளையாட்டு. அவள் உங்கள் போனில் ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தாள், வானத்தில் விமானம் எங்கே போகிறது என்று காட்டும். நீலக் கடலில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம், எறும்பைவிட மெதுவாக. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவீர்கள், பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிப்பீர்கள். "இப்ப கடலுக்கு மேல வந்துட்டா வாசுகி. கால் நனையாம போகணும் பெருமாளே" என்பீர்கள். நான் சிரிப்பேன். அப்புறம் நானும் எட்டிப் பார்ப்பேன். காற்றில் தென்னை ஓலை சலசலக்கும். அந்த மஞ்சள் விமானத்துக்குள் நம் பெண் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் நம் வீடே தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி அவள் பின்னாலேயே மிதந்து போவது போல இருக்கும். நமக்குக் காலடியில் குப்பை, தலைக்கு மேலே மேகம்.

அந்தப் போகிப் பண்டிகையை மறப்போமா? முந்தின நாள் மத்தியானம் கயல் கிளம்பினாள். மறுநாள் தெரு முழுக்கப் பாயும் பழசும் எரிகிறது, எல்லா வீட்டிலும் ஒட்டடை அடிக்கிறார்கள், வாளி வாளியாகத் தண்ணீர் ஓடுகிறது. நம் வீட்டில் மட்டும் முந்தின நாள் குப்பை. எதிர்வீட்டு அம்மா வந்து கேட்டார்கள், "என்னங்க, இந்த வருஷம் சுத்தம் பண்ணலையா?" நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னீர்கள், "பொண்ணு இன்னும் ஆகாசத்துலதாங்க இருக்கா." அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகாராணி காலையிலேயே இறங்கிவிட்டாள். போனில் சார்ஜ் இல்லை. வீட்டுக்குப் போய் அப்படியே படுத்துவிட்டாள். சாயங்காலம் நாம் விளக்கு வைத்த பிறகு ரெண்டு ரிங் வருகிறது! விளக்கு வைத்த பிறகும் பெருக்கக் கூடாது, விடிந்தால் பொங்கல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் அவளைக் கூப்பிட்டு, இருந்த ஆத்திரத்தை எல்லாம் கொட்டித் திட்டிவிட்டுக் கடைசியில் கேட்டீர்கள், "அங்க இப்ப மணி என்னடி?"

"பன்னெண்டு தாண்டிருச்சு பெரியம்மா."

"அப்படின்னா அங்க மறுநாள் பொறந்தாச்சு?"

"ஆமா."

போனை வைத்துவிட்டு டிரம்முக்குப் பின்னால் கையை விட்டீர்கள். "எடுடி விளக்குமாத்தை. இன்னைக்கு நாம மெல்போர்ன் மணிக்குப் பெருக்குவோம். மகாலட்சுமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." தூசியில் தும்மித் தும்மிச் சிரித்தோம். அந்தப் பொங்கலுக்கு நம் வீடுதான் தெருவிலேயே சுத்தமான வீடு.

பாஸ்போர்ட் எடுக்கப் போனதும் அதே போலச் சிரிப்புத்தான். வீடு வாங்கப் போகிறேன், பெரியம்மாதான் பால் காய்ச்ச வேண்டும் என்று கயல் சொன்னதும் முதலில் தயங்கினீர்கள். "நான் போயி எப்படிடி? சுமங்கலி யாரையாவது வச்சுக் காய்ச்சு." அவள் விடவில்லை. "என் வீடு பெரியம்மா. யார் கை பட்டா எனக்கு நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?" அன்று நீங்கள் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தீர்கள். கண் சிவந்திருந்தது. போட்டோ எடுக்கிறவன் சிரிக்காதீங்கம்மா என்று எத்தனை தடவை சொன்னான்! பாஸ்போர்ட்டில் உங்கள் உதடு இப்போதும் அடக்க முடியாமல்தான் இருக்கிறது. "ஜன்னல் சீட் எனக்குத்தான்" என்று அன்றே சொல்லி வைத்துவிட்டீர்கள்.

அப்புறம் அந்தத் தை மாதக் காலை. குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு, காபி குடிக்கக் கீழே வந்தீர்கள். "நெஞ்சை என்னமோ பண்ணுது வாசுகி" என்றீர்கள். காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்படியா அக்கா கிளம்புவது? ஒரு பெட்டி கட்டாமல், ஒரு சொல் சொல்லாமல்?

கயல் கிடைத்த முதல் விமானத்தில் ஏறினாள். அவள் வரும்வரை வைத்திருங்கள் என்று நான் எல்லோர் காலிலும் விழாத குறை. மறுநாள் நாள் சரியில்லை என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். உங்களைக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டு போகும்போது நம் பெண் சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருந்தாள்.

தூக்கியவர்கள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்கள். லால்குடிச் சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குமாற்றைக் கையில் எடுத்தார். "தண்ணி கொண்டாங்கடி. வீட்டைக் கழுவி விடணும்."

நான் ஓடிப்போய் அதைப் பிடித்தேன். "கூடாது சித்தி. அக்கா இன்னும் போய்ச் சேரலை."

"என்ன பேச்சு இது? அவ போயாச்சுடி."

"கிளம்பியிருக்காங்க. போய்ச் சேர்ந்தாச்சுன்னு யாரு சொன்னது?"

கூடத்தில் எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே என் பேச்சு விசித்திரமாக இருந்தது. அதனால் சமாளிக்கப் பார்த்தேன். "கயல் வேற வந்துக்கிட்டு இருக்கா. அவ வரட்டும்."

"வர்றவளுக்கு எதுக்கு இந்த வழக்கம்? போறவங்களுக்குத்தானே?"

"அதைத்தான் சித்தி நானும் சொல்றேன்!"

பாவம், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கீழே கழுவிவிட்டார்கள். நம் வீட்டு ஆண்கள் போனபோதும் இப்படித்தான் கழுவினார்கள். அப்போது எனக்கு இது தோன்றவில்லை, பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். இந்த முறை நான் மாடிக்கு ஏறிப் போய் உங்கள் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பூட்டும் முன்னால் பார்த்துவிட்டேன் அக்கா. கண்ணாடிக்குக் கீழே பவுடர் சிந்தியிருந்தது. அதில் உங்கள் வலது பாதம். ஐந்து விரலும் தெளிவாக.

அதை எப்படிப் பெருக்குவேன்? சும்மா கும்பகோணம் போனவருக்கே காத்திருந்த வீடு இது. நீங்கள் போகிற ஊர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், நடுவில் எங்கே இறங்கி ஏற வேண்டும் என்று எந்தப் போனும் காட்டவில்லை. உங்கள் போனைச் சார்ஜ் போட்டு உங்கள் கட்டிலிலேயே வைத்தேன். தினமும் ஒருமுறை கதவைத் திறந்து நின்ற இடத்திலிருந்தே பார்ப்பேன். சில நாள் மொட்டைமாடியில் நின்று போகிற வருகிற விமானத்தை எல்லாம் பார்ப்பேன். மேகம் கோபுரத்துக்குப் பின்னால் போய் மறுபக்கம் வரும். நீங்களும் அப்படி எங்கேயோ போய்க்கொண்டிருப்பீர்கள், ஜன்னல் சீட்டில், கால் நனையாமல்.

கயல் மூன்று முறை டிக்கெட்டை மாற்றினாள். ஒவ்வொரு முறையும் நான் ஒரு காரணம் சொன்னேன். முட்டி வலி, ஆடி மாதம், அங்கே குளிர். நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டாள். "இந்த முறையும் வரலைன்னா நானே பாலைக் காய்ச்சிக் குடிச்சிக்கிறேன். உண்மையைச் சொல்லும்மா, என்னதான் பிரச்சினை?"

சொல்லிவிட்டேன். "நான் கிளம்பினா, நான் வந்து சேர்ற வரைக்கும் இங்க காத்திருக்க யாரு இருக்கா? அப்புறம் பெரியம்மா ரூம். அதை அப்படியே விட்டுட்டு எப்படி வருவேன்?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அன்னைக்குச் சிங்கப்பூர்ல உட்கார்ந்திருந்தேன்ல? அந்த நாற்காலி இன்னும் எனக்குக் கனவுல வருது. கிளம்பின இடத்துலயும் இல்ல, போற இடத்துலயும் இல்ல. அதைவிடக் கொடுமை எதுவும் கிடையாதும்மா. பெரியம்மாவை நீ இன்னும் அந்த மாதிரி நாற்காலியிலயா உட்கார வச்சிருக்க?"

பளார் என்று ஓர் அறை விழுந்தது போல இருந்தது. அழுதேன். அவளும் அழுதாள். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று பதறிப்போனேன். இன்னொன்றும் அப்போதுதான் புத்திக்கு எட்டியது. வழியில் போய்க்கொண்டிருக்கிறவர் இன்னொருத்திக்காக எப்படிக் காத்திருப்பார்? நீங்கள் போய்ச் சேர்ந்தால்தானே எனக்காக உட்கார்ந்து காத்திருக்க முடியும்?

"கயல், அங்க இப்ப மணி என்ன?" என்று கேட்டேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "இப்ப இங்க குளிர்காலம். அன்னைக்கு மாதிரி இல்ல, வித்தியாசத்துல ஒரு மணி நேரம் குறையும். மறுநாள் பொறக்க இன்னும் கொஞ்சம் இருக்கும்மா. நான் சொல்றேன், லைன்லயே இரு."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது காதில் கேட்டது. காவிரிக் காற்று வந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. "பன்னெண்டும்மா" என்றாள்.

உங்கள் அறையைப் பெருக்கினேன் அக்கா. கட்டிலுக்கு அடியில் ஒரு ஹேர்பின், காய்ந்த மல்லிகைச் சரம், நாலைந்து எட்டுக்கால் பூச்சி. கண்ணாடிக்குக் கீழே மட்டும் கை நின்றுவிட்டது. அந்தப் பாதத்தின் மேல் என் பாதத்தை வைத்தேன். எனக்குப் பெரிய கால் என்று எப்போதும் கேலி செய்வீர்களே, உண்மைதான். உங்கள் விரல்கள் ஐந்தும் எனக்கு அடியில் மறைந்துவிட்டன. போய்ச் சேர்ந்துட்டீங்கல்ல அக்கா என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். பிறகு மிச்சம் இருந்த பவுடரையும் பெருக்கினேன்.

கீழே இறங்கி விளக்கைப் போட்டபோதுதான் பார்த்தேன். மாடியிலிருந்து கூடம்வரை படிக்குப் படி வெள்ளையாக என் காலடி. உங்கள் பவுடரில். அதை மட்டும் துடைக்கவில்லை, துடைக்கப் போவதும் இல்லை. நாளை நான் கிளம்பும்போது அது அங்கேயே கிடக்கட்டும்.

விளக்குமாற்றை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உங்கள் போன் உங்கள் கட்டிலில் இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட் என் கைப்பையில். ஜன்னல் சீட்டில் நான்தான் உட்காருவேன், கடலை உங்களுக்கும் சேர்த்துப் பார்ப்பேன். பால் பொங்கும்போது முதலில் உங்கள் பெயரைத்தான் சொல்வேன். இது சத்தியம்.

நாலு மணி நேரம், கொஞ்சம் உட்கார்தல், அப்புறம் எட்டு மணி நேரம். இறங்கியதும் உங்களுக்கு ரெண்டு ரிங் விடுவேன் அக்கா. எடுக்க வேண்டாம். அதுவரைக்கும் நம் வீட்டை யாரும் பெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயலின் அம்மாக்கள் இருவரில் இளையவள்,
வாசுகி